ரக்பி லீக்கில் நடுவரின் தரம் என்பது என்ன? ஓர் எளிய அறிமுகம்

ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். தொடரையோ இங்கிலாந்தின் சூப்பர் லீக் தொடரையோ ஒரு மாதம் விடாமல் பார்ப்பவருக்கு, ஆட்டத்தின் விதிகள் பிடிபடுவதற்கு முன்பே ஒரு மனக்குறை காதில் விழுந்துவிடும். நடுவர்களின் தரம் வரவரக் கெட்டுவிட்டது என்பார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் அதைச் சொல்வார். வர்ணனையாளர்கள் ஒரே காட்சியை நான்கு கோணங்களில் ஓடவிட்டு அதையே சொல்வார்கள். அரங்கிலிருந்து வெளியே வரும் கூட்டமும் அதையே பேசிக்கொண்டு போகும். இந்தக் குறை எவ்வளவு நியாயமானது என்று எடைபோட வேண்டுமானால், தரம் என்ற சொல் இந்த விளையாட்டில் எதைக் குறிக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் எத்தனை தீர்ப்புகள் சரி, எத்தனை தவறு என்று எண்ணி ஒரு நடுவரைப் பற்றி ஓரளவு முடிவுக்கு வந்துவிடலாம். ரக்பி லீக்கில் அந்தக் கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ரக்பி என்ற பெயரில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்தைச் சேர்ந்த கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற தகராறே பிரிவுக்குக் காரணமாயிற்று. பிரிந்து போனவர்கள் விதிகளையும் மாற்றினார்கள். 1906-இல் அணிக்கு 15 பேர் என்றிருந்தது 13 ஆகக் குறைந்தது. பந்தோடு மடக்கப்பட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடரும் 'ப்ளே-த-பால்' முறையும் அப்போதே வந்தது. 1960-களில் ஒரு அணி நான்கு முறை மடக்கப்படும்வரைதான் பந்தை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு ஏற்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் அது ஆறாக உயர்ந்தது. ஓவருக்கு ஆறு பந்து என்பதைப் போல, இங்கே ஒரு 'செட்'டுக்கு ஆறு டேக்கிள், அதாவது ஆறு மடக்கல். ஆறாவது டேக்கிளில் மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுகிறார்கள்.

நடுவரின் வேலை ஏன் இவ்வளவு கடினம் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ப்ளே-த-பாலை மட்டும் நெருங்கிப் பார்த்தால் போதும். பந்தோடு ஓடிவரும் நூறு கிலோ எடையுள்ள ஒருவரை இருவரோ மூவரோ பாய்ந்து பிடித்துக் கீழே சாய்க்கிறார்கள். அவருடைய ஓட்டம் நின்றுவிட்டது என்று நடுவருக்குத் தோன்றும் நொடியில் "ஹெல்ட்" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்குப் பின் பிடித்தவர்கள் அவரை விட்டு எழ வேண்டும். ஆனால் உடனே எழுந்துவிட்டால், பின்னால் போய்க்கொண்டிருக்கும் அவர்களுடைய தடுப்பு வரிசை ஒழுங்காக நிற்பதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடும். ஆகவே ஒருவர் காலைப் பிடித்தபடியே கிடப்பார். மற்றொருவர் எழுவதுபோல் பாவனை செய்து, தோளில் கையை ஊன்றி எழுவார். மூன்றாமவர் கீழே இருப்பவரின் உடலை மெல்ல மல்லாக்கத் திருப்பிவிடுவார். இத்தனையும் மூன்று, நான்கு நொடிக்குள் நடந்து முடிகிறது. தாக்கும் பக்கமும் சளைத்ததில்லை. மடக்கப்பட்டவர் வேண்டுமென்றே எதிராளியின் உடலோடு சிக்கிக்கொண்டு, என்னை எழவிடவில்லை என்று கையை விரிப்பார். அல்லது பந்தைக் காலால் தொடாமலேயே பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓடுவார்.

இந்த நெரிசலுக்கு ஆங்கிலத்தில் 'ரக்' என்று பெயர். ஓர் ஆட்டத்தில் இது இருநூறு முறைக்கு மேல் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடியை விட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள், எழுந்தவர் எதிரணியின் கோட்டை நோக்கி நின்றாரா, பந்தைக் காலால் தொட்டாரா, எதிரே நிற்கும் தடுப்பாளரான 'மார்க்கர்' நேராக நிற்கிறாரா என்று குறைந்தது நான்கு கேள்விகளுக்கு நடுவர் மனத்துக்குள் விடை சொல்லியாக வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 80 நிமிடத்தில் எண்ணூறு சிறு தீர்ப்புகள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை விசில் ஊதாமல் விட்டுவிடும் தீர்ப்புகள். விதிப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஏறக்குறைய எல்லா ரக்கிலும் ஏதாவது ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆட்டம் நகரவே நகராது. எதை விடுவது, எதைத் தண்டிப்பது என்ற அளவை ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் நடுவர் தன் செயலால் நிறுவுகிறார். அந்த அளவைக் கடைசிப் பத்து நிமிடத்திலும் மாற்றாமல் வைத்திருக்கிறாரா என்பதுதான், என் பார்வையில், அவருடைய தரத்தைக் காட்டும் முதல் அளவுகோல்.

இதற்கிடையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ப்ளே-த-பால் நடக்கும் இடத்திலிருந்து தடுக்கும் அணியினர் பத்து மீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. 1990-களுக்கு முன்னால் இது ஐந்து மீட்டர்தான். அந்தப் பத்து மீட்டரை மைதானத்தில் யாரும் கோடு போட்டு வைத்திருப்பதில்லை. நடுவர் ஓடிப்போய் நிற்கும் இடமே கோடு. தன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பத்துப் பேருக்கு மேல் தன் வரிசைக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று அவர் பார்க்க வேண்டும். அதே கணத்தில் பத்து மீட்டருக்கு முன்னால் தரையில் புரளும் நான்கு உடல்களுக்கு நடுவே யாருடைய கை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரு ஜோடிக் கண்களால் முழுமையாகச் செய்ய முடியாது. தொலைக்காட்சியின் நெருக்கக் காட்சியில் ரக்கை மட்டும் பார்க்கும் நமக்கு நடுவர் குருடராகத் தெரிகிறார் என்றால், அவருடைய பார்வையின் மறுபாதி எங்கே செலவாகிறது என்பது திரையில் வருவதில்லை என்பதே காரணம்.

இந்தச் சிக்கலுக்கு என்.ஆர்.எல். 2009-இல் ஒரு துணிச்சலான விடை கண்டது. மைதானத்துக்குள் இரண்டு நடுவர்களை இறக்கியது. ஒருவர் பத்து மீட்டர் வரிசையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ரக்குக்கு அருகிலேயே நின்றார். தர்க்கப்படி பார்த்தால் சரியான ஏற்பாடு. ஆனால் இரண்டு கண்கள் கூடியபோது இரண்டு அளவுகளும் கூடவே வந்தன; ஒருவர் விட்டுவிடுவதை மற்றவர் தண்டிப்பார். சூப்பர் லீக் அந்தப் பாதையில் போகாமல் ஒரே நடுவரோடு நின்றுகொண்டது. பெருந்தொற்றால் நின்றுபோன தொடர் 2020 மே 28 அன்று மீண்டும் தொடங்கியபோது என்.ஆர்.எல்-லும் ஒற்றை நடுவருக்குத் திரும்பியது. கூடவே 'சிக்ஸ் அகெயின்' என்ற பெரிய மாற்றத்தையும் கொண்டுவந்தது.

முன்பெல்லாம் ரக்கில் தடுப்பவர் குற்றம் செய்தால் பெனால்டி. ஆட்டம் நிற்கும், பந்தை வெளியே உதைத்து நிலம் பிடிப்பார்கள், அதற்குள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மூச்சு வாங்குவதற்காகவே தடுக்கும் அணி தெரிந்தே குற்றம் செய்வதும் உண்டு. சிக்ஸ் அகெயின் முறையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. கையைத் தலைக்கு மேல் அசைத்ததும் டேக்கிள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். அதே ஆண்டில் சூப்பர் லீக்கும் இதை ஏற்றுக்கொண்டது. 2021-இல் பத்து மீட்டர் குற்றத்துக்கும் என்.ஆர்.எல். இதை நீட்டித்தது. விளைவாக ஆட்டம் வேகமெடுத்தது. ஒருதலைப்பட்சமான பெரிய வெற்றிகளும் பெருகின. அணிகள் புதிய ஓட்டைகளையும் கண்டுபிடித்துவிட்டன. எதிரணி தன் சொந்த எல்லைக்கு அருகில் இருக்கும்போது முதல் டேக்கிளிலேயே வேண்டுமென்று குற்றம் செய்தால் அதிகம் இழப்பதில்லை என்பது அவற்றுக்குப் புரிந்துபோயிற்று. அதனால் 2022-இல், தாக்கும் அணி தன் 40 மீட்டர் பகுதிக்குள் இருக்கும்போது நடக்கும் குற்றத்துக்கு மீண்டும் பெனால்டி என்று திருத்தினார்கள்.

இந்த மாற்றத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெனால்டி கொடுத்தால் நடுவர் காரணத்தைச் சைகையால் சொல்லியாக வேண்டும். ஆட்டம் நின்றிருப்பதால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். சிக்ஸ் அகெயினில் கை அசைகிறது, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குற்றம் செய்தது யார், என்ன குற்றம் என்பது அரங்கில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆட்டம் நிற்காததால் அணித்தலைவர் அதை எதிர்த்து முறையிடவும் வழியில்லை. ஆட்டத்தின் போக்கையே திருப்பக்கூடிய தீர்ப்புகள் விளக்கமில்லாமல் கடந்துபோகும்போது, பார்ப்பவருக்கு நடுவர் மேல் ஐயம் வளர்வதில் வியப்பில்லை.

அப்படியானால் தொழில்நுட்பம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். 1990-களின் நடுவிலிருந்தே காணொளி நடுவர்கள் இருக்கிறார்கள். 2016-இல் என்.ஆர்.எல். எல்லா மைதானங்களின் காட்சிகளையும் சிட்னியில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து 'பங்கர்' என்ற மையத்தை அமைத்தது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி 'டிரை' போட்டாரா என்பதில் ஐயம் வந்தால், மைதான நடுவர் முதலில் தன் கருத்தைச் சொல்கிறார். அதை மாற்றப் போதுமான ஆதாரம் இருந்தால் மட்டுமே மையம் மாற்றும். கிரிக்கெட்டின் 'அம்பயர்ஸ் கால்' தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2020 முதல் அணித்தலைவர்களுக்கும் முறையிடும் உரிமை கிடைத்தது. முறையீடு சரியென்றால் உரிமை கையிலேயே இருக்கும், தவறென்றால் போய்விடும். கோட்டுக்கு அருகில் நடக்கும் தவறுகள் இவற்றால் பெரிதும் குறைந்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஓர் ஆட்டத்தில் டிரைகள் பெரும்பாலும் பத்தைத் தாண்டுவதில்லை. ரக்குகளோ இருநூறுக்கு மேல். கேமராக்கள் காவல் காப்பது சிறிய வாசலைத்தான்.

காணொளிக்கு வேண்டுமென்றே மூடப்பட்ட ஒரு கதவும் உண்டு. பந்தை முன்னோக்கி எறியக் கூடாது என்பது ரக்பியின் அடிப்படை விதி. ஆனால் ஒரு பாஸ் முன்னோக்கிப் போனதா என்று தீர்ப்புச் சொல்லக் காணொளி நடுவருக்கு அதிகாரம் இல்லை. புதிதாகப் பார்ப்பவர்களை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆனால் காரணம் தெரிந்தால் எரிச்சல் தணியும். ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பந்தை நேர்மேலே எறிந்தால் அது கைக்கே திரும்பி வருகிறது. தண்டவாளத்தின் பக்கத்தில் நிற்பவருக்கோ அது பல மீட்டர் முன்னால் போய் விழுந்ததாகத் தெரியும். நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடும் ஆட்டக்காரர் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் பந்தைப் பின்னுக்கு எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரையை வைத்துப் பார்த்தால் பந்து நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் முன்னால்தான் போகிறது. அரை நொடியில் அது இரண்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். எறிந்தவர் நான்கு மீட்டர் ஓடியிருப்பார். பந்து அவருக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கும். விதி கேட்பது எறிந்த கை எந்தத் திசையில் எறிந்தது என்பதைத்தான், தரையில் பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அல்ல. ஆகவே அந்தப் பாஸ் சரியானது. எறிந்த மறுகணமே அவரை எதிராளி மோதி நிறுத்திவிட்டால், அவர் நிற்கிறார், பந்து முன்னால் போகிறது; பார்ப்பவர் அத்தனை பேரும் முறைகேடு என்று கத்துவார்கள். சாய்வாக நிற்கும் கேமராவும் புல்வெளியில் உள்ள கோடுகளும் சேர்ந்து கண்ணை இன்னும் ஏமாற்றும். அதனால் தீர்ப்பு, ஆட்டத்தோடு இணையாக ஓடிவரும் நடுவர் கையிலும் பக்கக்கோட்டு நடுவர் கையிலும் விடப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னவை சரி, தவறு பற்றியவை. தரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது: எடுத்த முடிவை ஆடுபவர்களுக்குத் தெளிவாகத் தெரியப்படுத்துவது. 2019 அக்டோபர் 6 அன்று சிட்னியில் நடந்த என்.ஆர்.எல். இறுதி ஆட்டத்தை இதற்குச் சான்றாகச் சொல்ல வேண்டும். சிட்னி ரூஸ்டர்ஸ் அணியும், 1994-க்குப் பிறகு முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்த கான்பெரா ரெய்டர்ஸ் அணியும் 8–8 என்று சமநிலையில் இருந்தன; ஏறத்தாழ பத்து நிமிடமே மீதி. கான்பெரா உயர உதைத்த பந்துக்கு இரு அணியினரும் தாவினார்கள். பந்து சிதறிக் கான்பெராவிடமே திரும்பியது. அதை எதிரணிக்காரர் தொட்டிருந்தால் கான்பெராவுக்கு மீண்டும் ஆறு டேக்கிள். தொட்டிருக்கிறார் என்று எண்ணிய நடுவர் கையைத் தலைக்கு மேல் அசைத்தார். அடுத்த நொடிகளில், பந்து கான்பெரா ஆட்டக்காரர் மேல்தான் பட்டது என்று தெரியவர, கடைசி டேக்கிள் என்று குரலில் திருத்தினார். எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கின் இரைச்சலில், கை அசைந்ததைப் பார்த்த ஜாக் வைட்டன் பந்தை உதைக்காமல் கையில் வைத்துக்கொண்டு டேக்கிளை ஏற்றார். பந்து பறிபோயிற்று. சற்று நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோ டிரை போட, ரூஸ்டர்ஸ் 14–8 என்று வென்றது.

யார் மேல் பந்து பட்டது என்ற கேள்விக்குக் கடைசியாகச் சொன்ன விடை சரியானதுதான். தீர்ப்புகளை மட்டும் எண்ணிப் பார்க்கும் கணக்கில் இது ஒரு பிழை திருத்தப்பட்டதாகவே பதிவாகும். ஆனால் வைட்டன் என்ன செய்திருக்க வேண்டும்? நடுவரின் கையை நம்பி ஆடுவதைத்தான் சிறுவயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சரியான தீர்ப்பும் தவறான சைகையும் சேர்ந்தால் அது தரமான நடுவர் பணி ஆகாது என்பதை இந்த ஓர் ஆட்டம் எல்லா விளக்கங்களையும் விட நன்றாகக் காட்டுகிறது. இதற்கு நேர்மாறானது 2013-இல் குரோனல்லா ஷார்க்ஸ், நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிகள் மோதிய வெளியேற்றுச் சுற்று ஆட்டம். அங்கே நடுவர் குழுவில் இருந்த ஒருவருக்கும் டேக்கிள் எண்ணிக்கை பிசகியது தெரியவில்லை. குரோனல்லா ஏழாவது டேக்கிளில் டிரை போட்டு, 20–18 என்று வென்றது. இது அப்பட்டமான பிழை, வாதத்துக்கே இடமில்லை.

தரம் குறைந்துவிட்டது என்று தோன்றவைக்கும் இன்னொரு காரணம் நடுவர்களின் கையில் இல்லை. தலையில் படும் அடிகளால் பின்னாளில் ஏற்படும் பாதிப்புகள் குறித்த கவலை பெருகியதும், நிர்வாகம் சில நேரங்களில் தொடரின் நடுவிலேயே தண்டனை அளவை மாற்றிவிடுகிறது. 2021 மே மாதம் பிரிஸ்பேனில் ஒரே மைதானத்தில் எட்டு ஆட்டங்களும் நடந்த 'மேஜிக் ரவுண்ட்' வாரத்தில், கழுத்துக்கு மேல் பிடித்தால் கடும் தண்டனை என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மூன்று பேர் ஆட்டம் முடியும்வரை வெளியேற்றப்பட்டார்கள், 14 பேர் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தார்கள். முந்தின வாரம் பெனால்டியோடு போயிருக்கக்கூடிய குற்றம் அந்த வாரம் அணியைப் பன்னிரண்டு பேராக்கியது. உத்தரவின் நோக்கம் நல்லது. வீரர்களின் மூளையைக் காப்பதை விடப் பெரிய வேலை எந்த விதிக்கும் இல்லை. ஆனால் அளவை மாற்றியது நிர்வாகம், கூச்சலை வாங்கிக்கொண்டவர்கள் விசில் ஊதியவர்கள்.

உயர்மட்ட நடுவர்கள் இன்று முழுநேரத் தொழிலாளர்கள். உடற்பயிற்சி, காணொளி ஆய்வு, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் பயிற்சியாளரோடு தீர்ப்பு தீர்ப்பாக அமர்ந்து பார்ப்பது என்று அவர்களுடைய வாரம் வீரர்களின் வாரத்தைப் போலவே கழிகிறது. சரியாகச் செய்யாதவருக்கு அடுத்த வாரம் பெரிய ஆட்டம் கிடைக்காது. பெண்களுக்கு நெடுநாள் மூடியிருந்த கதவும் 2019 ஜூலையில் திறந்தது. பெலிண்டா ஷார்ப் என்.ஆர்.எல். ஆட்டத்தில் மைதான நடுவராகப் பணியாற்றிய முதல் பெண்ணானார்.

ஆனால் அந்த உச்சிக்கு ஆள் வர வேண்டியது கீழிருந்துதான். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் மேற்கு சிட்னிப் பகுதிகளில் குளிர்காலச் சனிக்கிழமைக் காலைகளில் பூங்கா மைதானங்களுக்குப் போனால், எட்டு வயதுக் குழந்தைகளின் ஆட்டத்துக்கு விசிலோடு நிற்பவர் பெரும்பாலும் ஒரு பள்ளி மாணவராக இருப்பார். நான் பார்த்த ஓர் ஆட்டத்தில், பதினைந்து வயதுக்கு மேல் இருக்காத ஒரு பெண், மேலிருந்தவரின் கையை விலக்கச் சொல்லி ஒரு சிறுவனை எழுப்பிவிட்டு, ஓடிப்போய்த் தன் வரிசையில் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு தகப்பனார், பத்து மீட்டர் எங்கே என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அவள் திரும்பவில்லை; காது மட்டும் சிவந்துபோயிற்று. தொலைக்காட்சியில் வரும் நடுவரைப் பற்றி வீட்டில் பேசும் பேச்சைத்தான் அவர் மைதானத்துக்கும் எடுத்து வந்திருந்தார். இப்படிப்பட்ட சில சனிக்கிழமைகளுக்குப் பிறகு விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடும் பிள்ளைகளில், பத்தாண்டு கழித்து இறுதி ஆட்டத்தை நடத்தியிருக்கக் கூடியவர் எத்தனை பேரோ.

அடுத்த முறை ஓர் ஆட்டம் பார்க்க நேர்ந்தால், பந்தை விட்டுவிட்டு ஒரு முழு செட்டுக்கு நடுவரை மட்டும் பாருங்கள். "ஹெல்ட்" என்ற குரலுக்கும் பந்து காலுக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார் என்று மனத்துக்குள் எண்ணுங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் கை உயர்கிறது என்று குறித்துக்கொண்டு, இடைவேளைக்குப் பின், களைத்துப்போன கால்களோடு அவர் அதே பத்து மீட்டரைப் பின்னோக்கி ஓடும்போது மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.